மென்னானா கிண்டிய கல்யாண லேகியம்

தமாதித் என்ற மலையூரில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், ஆட்டுக்குச் சொல்வதற்கு முன்னால் மென்னானாவிடம் சொல்லிவிடுவார்கள். ஆடு எந்தச் சந்தையிலும் கிடைக்கும். மென்னானாவின் லேகியம் அவள் அடுப்பைத் தவிர வேறெங்கும் கிடைக்காது.

மஃஜூன் என்பது அதன் பேர். பேரீச்சம்பழம், பாதாம், அக்ரூட், தேன், நாட்டு வெண்ணெய், இடித்த மசாலா, அதோடு கஞ்சா. ரிஃப் மலையில் கஞ்சா என்று சொல்ல யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. மற்ற ஊர்களில் கோதுமை நிற்கிற மாதிரி அங்கே அது நிற்கிறது. பள்ளிவாசல் இமாம் மட்டும் லேகியம் என்ற பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் மனைவி திருப்பிக்கொள்வதில்லை.

மென்னானா ஐம்பத்தைந்து தாண்டியவள். நெடுநெடுவென்று உயரம். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருப்பாள். பேச்சில் கொஞ்சம்கூடப் பணிவு கிடையாது. கல்யாண வீட்டில் பெண்கள் அறைக் கதவைச் சாத்திவிட்டு அவள்தான் கடைசியாக உள்ளே வருவாள், தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு. அக்ரூட் கொட்டை அளவுக்கு ஆளுக்கு ஒரு உருண்டை. கர்ப்பிணிக்குக் கிடையாது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கிடையாது. போன கல்யாணத்தில் அழுதவளுக்கு இந்தக் கல்யாணத்தில் பாதிதான். கொஞ்ச நேரத்தில் வயிற்றில் ஒரு சூடு பரவும், தேநீர்க் கெண்டியின் மூக்கைப் பார்த்தாலே சிரிப்பு வரும், ஆடத் தெரியாதவளும் எழுந்து ஆடுவாள். பிறகு அகோரப் பசி, பிறகு தூக்கம். மறுநாள் காலையில் எல்லோரும் எழுந்து அடுப்பு மூட்டுவார்கள். முப்பது வருடத்தில் இந்த வரிசை ஒருமுறைகூட மாறியதில்லை.

அதில் ஒரு துணுக்குக்கூட அவள் வாயில் போட்டதில்லை.

"எல்லாரும் தின்னுட்டா யாரு பாத்துக்கறது?" என்பாள். உண்மையில் அவளுக்கு இனிப்பே பிடிக்காது. யாருக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவதால், ருசி பார்க்க வேண்டிய தேவையும் அவளுக்கு இருந்ததில்லை.

அவள் மகன் லயாஷி, நாலு வருடம் முன்பு கீழ்த்தட்டு வயலில் கோர்தா போட்டான். ஸ்பெயினிலிருந்து வந்த ஹைபிரிட் விதை அது. கோர்தா என்றால் ஸ்பெயின்காரர்கள் பாஷையில் குண்டுப் பெண். பேருக்கு ஏற்ற மாதிரிதான் செடியும். நாட்டுச் செடி ஆளுயரம் ஒல்லியாக வளர்ந்து, கிடைத்த மழையைக் குடித்துவிட்டுப் பேசாமல் நிற்கும். கோர்தாவோ இடுப்புயரம்தான். இலை கையகலம். பூங்கொத்து ஒவ்வொன்றும் மக்காச்சோளக் கதிர் கனத்தில், தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும்படி பிசின். எலுமிச்சைத் தோலையும் டீசலையும் சேர்த்துக் கசக்கிய மாதிரி ஒரு வாடை. அதற்கு நாள் தவறாமல் தண்ணீர் வேண்டும். லயாஷி ஆழ்குழாய் போட்டு, சொட்டு நீர்க் குழாயை ஒவ்வொரு தூருக்கும் இழுத்துவிட்டிருந்தான். அதன் விதையை எடுத்து மறுவருடம் போட முடியாது. திரும்பவும் வாங்கத்தான் வேண்டும்.

ஒருநாள் அவனே அவளுக்கு விளக்கியிருக்கிறான். "ரெண்டு ஜாதியக் கலந்து உண்டாக்கினதும்மா இது. ஒண்ணு தலைக்கு ஏறிப் பறக்க விடுறது. இன்னொண்ணு உடம்புல எறங்கிப் படுக்கப் போடுறது. இதுல ரெண்டும் இருக்கு."

"அப்போ பறந்துக்கிட்டே படுத்திருக்கணுமா?" என்றாள் மென்னானா.

"சிரிக்காத. உன் லேகியத்துக்கு இது ஆகாது. இது வேற."

"வேறன்னா? கஞ்சாவுக்குக் கொம்பு மொளச்சிருக்கா?"

"மொளச்சிருக்குன்னே வெச்சுக்கோ."

மகனுக்குக் கருமித்தனம் வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். விலைபோகிற சரக்கு, அம்மாவின் சட்டிக்குப் போக வேண்டாம் என்று பார்க்கிறான்.

நாலாவது வருடம் நாட்டுச் செடி அறுவடைக்கு முந்தின வாரம் ஆலங்கட்டி மழை அடித்தது. மேல்தட்டில் மென்னானாவின் நாட்டுச் செடிகள் மொட்டையாகக் கிடந்தன; கீழ்த்தட்டுக் கோர்தாவை லயாஷி அதற்கு முன்பே அறுத்து உள்ளே கொண்டுவந்திருந்தான். அதற்கடுத்த வாரம் ஃபெத்தூமா வந்தாள். ஒரே வருடத்தில் இந்த ஊருக்கு மருமகளாக வந்த இருவரும், ஒரே நீரூற்றில் குடம் பிடித்து, ஒருத்தி பிரசவத்துக்கு மற்றவள் காவல் இருந்தவர்கள்.

"என் இக்ராமுக்கு நாள் குறிச்சாச்சு," என்றாள் ஃபெத்தூமா. "மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க ஷெஃப்ஷாவுன்லேர்ந்து வராங்க. டவுனு ஆளுங்க. அந்தச் சம்பந்தியம்மா பதூல் இருக்காளே, ஒரு வாய் சிரிச்சு நான் பாத்ததில்ல. நீதான் அவளச் சிரிக்க வைக்கணும்."

"என்கிட்ட சரக்கு இல்லடி. மழை கொண்டுபோயிருச்சு."

"உன்கிட்ட இல்லன்னா இந்த மலையில யாருகிட்ட இருக்கும்? பேசாம கிண்டு."

லயாஷி பம்பு வாங்க தெத்துவான் நகரத்துக்குப் போயிருந்தான். அவன் காயப்போடும் அறைக்கு மென்னானா போனாள். உத்தரத்திலிருந்து கோர்தா கொத்துக் கொத்தாகத் தலைகீழாகத் தொங்கியது. வாடை மூக்கில் குத்தியது. மகன் சொன்னதை அவள் முழுக்க மறந்துவிடவில்லை. அதனால் வழக்கமாகப் போடுவதில் ஒரு கைப்பிடி குறைத்தே எடுத்தாள். வெண்ணெயில் போட்டுக் காய்ச்சியபோது அது தார் மாதிரிக் கருத்த பச்சையாக இறங்கியது. இத்தனை கருப்பை அவள் பார்த்ததில்லை. நல்ல சரக்கு என்று நினைத்தாள்.

கல்யாணத்தன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் அறையில் கூடினார்கள். கைப்பறை கொட்டுகிறவள் பறையைத் தணலில் காட்டி விறைப்பேற்றிக்கொண்டிருந்தாள். மென்னானா தட்டோடு வந்தாள். பதூல் தங்கப் பல் தெரியாமல் உதட்டை இறுக்கியபடி உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன, மருந்தா?"

"சிரிப்புக்கு மருந்து சம்பந்தி," என்றாள் ஃபெத்தூமா.

"எங்க ஊர்ல நாங்க மருந்து இல்லாமலேதான் சிரிப்போம்," என்று சொல்லிவிட்டு பதூல் அதை வாயில் போட்டுக்கொண்டாள்.

பாட்டு தொடங்கியது. குலவை போட்டார்கள். மென்னானா வாசலோரமாக நின்று முகங்களைப் பார்த்தாள். யார் முகத்திலும் ஒன்றும் இல்லை. இரண்டு பாட்டு முடிந்தது. இன்னும் ஒன்றும் இல்லை. பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள், "அத்தை, இந்தத் தடவை தேன் மட்டும்தான் போட்டியா?" அறை சிரித்தது. பதூல் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, இதற்குத்தானா இவ்வளவு பேச்சு என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

மென்னானாவுக்குச் சுருக்கென்றது. முப்பது வருடத்துப் பேர். பழகாத சரக்கில் ஒரு கைப்பிடி குறைத்தது தப்பு என்று நினைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு இரண்டாம் சுற்று வந்தாள். எல்லோரும் இன்னொன்று எடுத்தார்கள். பதூலும் எடுத்தாள். தட்டைச் சமையல்கட்டில் வைத்துவிட்டுப் போனவள் திரும்ப அங்கே வந்தபோது, அவள் புருஷன் அப்துஸ்லாம் மூன்றாவது உருண்டையை மென்றுகொண்டிருந்தார். தினமும் சாயங்காலம் அவள் லேகியத்தைத் தின்றே பழகிய மனிதர்.

"போதும், வைங்க," என்றாள்.

"எனக்கு இதெல்லாம் ஏறுமாடி?" என்றார் அவர்.

முதலில் நின்றது ஃபெத்தூமாவின் கை. தட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "இது யாரோட கை?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். வேடிக்கையாகக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவளும் அந்தக் கையை உற்றுப் பார்த்து, தெரியவில்லையே என்றாள். கைப்பறைக்காரி பாட்டு முடிந்த பிறகும் கொட்டிக்கொண்டே இருந்தாள். நிறுத்தச் சொன்னபோது, "நிறுத்தினா என் நெஞ்சு நின்னுரும்," என்று அழுதுகொண்டே கொட்டினாள். இமாமின் மனைவி கம்பளத்துக்கு அடியில் புகுந்துகொண்டு, சுவர் தன் மேல் சாய்கிறது, பிடித்துக்கொள்ளுங்கள் என்று கத்தினாள். ஒருத்தி வாந்தியெடுத்தாள். ஒருத்தி கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டாள். சிரிப்புச் சத்தம் எங்குமே கேட்கவில்லை.

மென்னானா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரிந்தவை இந்த முகங்கள்தான். இப்போது அவற்றில் இருந்தது அவளுக்குத் தெரியாத பாஷை. விஷம் என்ற ஒரு வார்த்தை மட்டும் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தேனில் விஷமா, கொட்டைகளில் பூஞ்சையா, பாத்திரத்தில் களிம்பா?

முற்றத்தில் ஆண்கள் கூடிக் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்துஸ்லாம் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களையும் கையால் அழுத்திப் பிடித்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"மென்னானா," என்றார், "என் காலைக் காணோம். யாரோ எடுத்துக்கிட்டாங்க."

முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அந்த மனிதர் பயந்து அவள் பார்த்ததில்லை.

அப்போதுதான் மணப்பெண் அறையிலிருந்து ஒரு தோழிப் பெண் ஓடி வந்தாள். இக்ராமுக்குக் கல்யாணப் படபடப்பு. சமையல்கட்டுத் தட்டிலிருந்து யாருக்கும் தெரியாமல் ஒரு உருண்டை எடுத்துத் தின்றிருக்கிறாள். வெள்ளைக் கஃப்தான் அங்கியோடு சுவரில் சாய்ந்திருந்தாள். மருதாணிக் கை நெஞ்சைப் பிடித்திருந்தது. மென்னானா அதன் மேல் தன் கையை வைத்தாள். உள்ளே கோழிக்குஞ்சை அமுக்கிப் பிடித்த மாதிரி துடித்தது.

"அத்தை, நான் செத்துட்டேனா?" என்று கேட்டாள் இக்ராம். "செத்துட்டேன்னா அம்மாகிட்ட சொல்லாதீங்க. பாவம், இன்னிக்குத்தான் சந்தோஷமா இருக்கா." கேட்டுக்கொண்டே சரிந்துவிட்டாள்.

லயாஷியின் பிக்கப் வண்டி, பின்னால் புதுப் பம்போடு, அந்த நேரத்தில்தான் வந்து நின்றது. அவன் முற்றத்தில் கிடந்த அப்பாவைப் பார்த்தான், அறைக்குள் எட்டிப் பார்த்தான், மூக்கை உறிஞ்சினான். முகம் மாறியது.

"எம்மா. எதப் போட்ட?"

அவள் கீழ்த்தட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"எத்தனை?"

"ரெண்டு. ஆளுக்கு ரெண்டு."

லயாஷி தலையில் கை வைத்துக்கொண்டான். "அல்லாவே. பழைய சரக்கவிடப் பத்து மடங்கும்மா இது. வயித்துக்குள்ள போனா மெதுவாத்தான் வரும், வந்தா லேசுல போகாது. யாரும் சாக மாட்டாங்க. படுக்க வைங்க, தண்ணி குடுங்க, வெளக்கத் தணிங்க, பேசிக்கிட்டே இருங்க. இக்ராமத் தூக்குங்க."

பம்பை இறக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் மெத்தை விரித்து மணப்பெண்ணைப் படுக்க வைத்தார்கள். மென்னானா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவள் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள்.

மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டரம்மா இருந்தாள். நாடியைப் பார்த்தாள், கண்ணில் வெளிச்சம் அடித்தாள், குளுக்கோஸ் ஏற்றினாள். என்ன தின்றாள் என்று லயாஷி சொன்னதும் தலையாட்டினாள்.

"புது ரகமா? நெஞ்சு வேகமா அடிக்கும், பயம் வரும், ரத்த அழுத்தம் எறங்கி மயக்கம் வரும். எறங்கிரும்மா. யாரு செஞ்சது?"

"நான்," என்றாள் மென்னானா.

"நீங்களும் சாப்பிட்டீங்களா?"

"இல்ல. நான் சாப்பிடுறதில்ல."

டாக்டரம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வை அடிவாங்கினதைவிட மென்னானாவுக்கு வலித்தது. விடியும் நேரத்தில் இக்ராம் கண் விழித்து, ரொட்டியும் ஒலிவக்காயும் கேட்டாள்.

ஊருக்குத் திரும்பியபோது வேறொன்று காத்திருந்தது. ஃபெத்தூமாவின் முற்றத்தில் எல்லோரும் முகம் வீங்கி உட்கார்ந்திருந்தார்கள். அப்துஸ்லாமுக்குக் கால் திரும்பக் கிடைத்துவிட்டது; ஆனால் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். நடுவில் பதூல்.

"என் மகன் கல்யாணத்துல செய்வினை வெச்சிருக்காங்க," என்றாள். "முப்பது வருஷமா ஒண்ணும் ஆகல, நேத்து மட்டும் ஆகுமா? அதுவும் மணப்பொண்ணுக்கு? அவ எல்லாருக்கும் குடுத்தா. தான் மட்டும் தின்னல. ஏன் தின்னல? இதச் சொல்லாம நிக்காஹ் கிடையாது."

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவள் தின்றதில்லை என்பது எல்லோருக்கும் எப்போதும் தெரிந்த விஷயம். நேற்றுவரை அதில் எந்தத் தப்பும் இருந்ததில்லை. இப்போது அது ஒவ்வொரு கண்ணிலும் வேறு மாதிரி திரும்புவதை மென்னானா பார்த்தாள்.

ஃபெத்தூமா தரையைப் பார்த்தபடியே கேட்டாள். "மென்னானா, உன் மனசுல என்ன இருந்துச்சு? உன் மக செத்தப்புறம் என் மக வளர்றத நீ எப்படிப் பாத்திருப்பேன்னு நான் யோசிச்சதே இல்ல. ராத்திரி யோசிச்சேன்."

மென்னானாவுக்கு ஒரு மகள் பிறந்து, தட்டம்மையில் போனாள். இக்ராமுக்கு ஒரு மாதம் மூத்தவள். இருபது வருடமாக அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததில்லை. அது இந்த இடத்தில், இந்த அர்த்தத்தோடு, ஃபெத்தூமாவின் வாயிலிருந்து வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. திட்டத்தான் அவளுக்குத் தெரியும். திட்டு வரவில்லை.

சமையல்கட்டுக்குப் போய்த் தட்டை எடுத்து வந்தாள். மூன்று உருண்டை மிச்சம் இருந்தது. முற்றத்து நடுவில், பதூலுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"எம்மா, வேணாம்," என்றான் லயாஷி. "நெசமாச் சொல்றேன். ஒரு கொண்டைக்கடலை அளவு போதும்."

"அவங்க எவ்வளவு தின்னாங்க?"

"எம்மா..."

மூன்றில் இரண்டு உருண்டையை மென்று விழுங்கினாள். இத்தனை வருடமாகத் தான் கிண்டியது இவ்வளவு தித்திப்பு என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு முழங்காலில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். யாரும் எழுந்து போகவில்லை. வெளியே யாரோ ஆடுகளை ஓட்டிப் போனார்கள், உள்ளே ரொட்டி சுட்டார்கள், தேநீர் ஊற்றினார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதூல், பார்த்தீர்களா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள்.

அந்தப் புருவம் உயர்ந்து, இறங்காமல் அங்கேயே நின்றது. எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று மென்னானா யோசித்தாள். ஒரு நாளாகவா? பிடரியில் யாரோ வெந்நீர்த் துணி போட்டார்கள். நெஞ்சு எழுந்து ஓட ஆரம்பித்தது, அவளை விட்டுவிட்டுத் தனியாக. பிடிக்கக் கையை எடுத்தாள், கை வரவில்லை, வந்தபோது அது கை மாதிரி இல்லை. மூச்சு விட வேண்டும் என்பது மறந்துவிட்டது, ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்து விட வேண்டியிருந்தது. இப்படித்தான் அந்தப் பிள்ளைக்கும் இருந்திருக்கும் என்று தோன்றியபோது, நேற்று மடியில் கிடந்த இக்ராமும் இருபது வருடம் முன்பு மடியில் கிடந்த தன் மகளும் ஒரே முகமாகிவிட்டார்கள்.

"எனக்குத் தெரியாது," என்றாள். சத்தம் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எனக்குத் தெரியாதுடி. இது இப்படின்னு எனக்குத் தெரியாது."

யாரோ அவளைப் பின்னாலிருந்து அணைத்துப் பிடித்தார்கள். ஃபெத்தூமாவின் வியர்வை வாடை.

"எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்," என்றாள் ஃபெத்தூமா. "இப்போ பயமாத்தான் இருக்கும். போயிரும். எனக்கும் போச்சு. மூச்சு விடு. என்கூட விடு."

அன்று முழுவதும் ஃபெத்தூமா அவளை விடவில்லை. மதியத்துக்குமேல் பயம் தணிந்தது. அதன்பிறகு ஒரு சேவல் முற்றத்தைக் கடந்து போனது. அது நடந்த நடையைப் பார்த்து மென்னானா கண்ணீர் வரச் சிரித்தாள். ஃபெத்தூமாவும் சிரித்தாள். பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள்.

பதூல் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். "இப்படி யாராலயும் நடிக்க முடியாது," என்றாள். "இவளுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்கல. முப்பது வருஷம் கிண்டியிருக்கா, ஒண்ணுமே தெரியல." மன்னிப்பா, ஏச்சா என்று தெரியாத குரலில் சொன்னாள். அந்த வாரமே நிக்காஹ் நடந்தது. லேகியம் இல்லாமல், மாமிசத்தோடும் புதினாத் தேநீரோடும்.

மென்னானா லயாஷியிடம் கோர்தா போடாதே என்று சொல்லவில்லை; அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காயப்போடும் அறைக்கு மட்டும் அவளே ஒரு பூட்டு வாங்கிக் கொடுத்தாள். அந்த வருடம் யார் கேட்டும் அடுப்பு மூட்டவில்லை. மறு வருடம் மேல்தட்டில் நாட்டு விதை முளைத்தது.

அது அறுவடையாகி, ஒலிவக்காய் பறிக்கும் காலத்தில் ஒருநாள் ஷெஃப்ஷாவுன் டாக்ஸி ஒன்று அவள் வீட்டு முன் நின்றது. பதூல் தனியாக இறங்கினாள்.

"தூக்கம் வரல," என்றாள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு. "மாத்திரை ஒத்துக்கல. பழையது இருக்காமே? இது என் மகனுக்குத் தெரியக் கூடாது."

மென்னானா அவளை உள்ளே கூட்டிப் போய்ச் சட்டியைத் திறந்தாள். ஒரு துணுக்கைக் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"எனக்குக் குடுன்னா நீ திங்கறியே," என்றாள் பதூல்.

"முதல்ல நான். எனக்கு என்ன ஆகுதுன்னு பாத்துட்டுத்தான் உங்களுக்கு. அவசரம்னா டாக்ஸி வாசல்லதான் நிக்குது."

பதூல் முனகிக்கொண்டே ஆட்டுத்தோல் விரிப்பில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். கொஞ்ச நேரம் மென்னானாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இக்ராம் ரொட்டி மாவு பிசைகிற அழகைப் பற்றிப் புகார் சொல்ல ஆரம்பித்தாள்.